சேற்றுக்குள் கிடந்த சிங்கமும் புலியும்

எலும்பு தோண்டுகிறார்கள் என்று செய்தி வந்தால், இந்த நாட்டில் தமிழ் பேசும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது செம்மணியும் மன்னாரும் குருக்கள்மடமும்தான். நீதிவானின் உத்தரவு, பொலிஸார் கட்டிய நாடா, வேலிக்கு வெளியே புகைப்படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்மார். எலும்பு என்றதும் அது யாருடைய பிள்ளை என்ற கேள்விதான் எங்களுக்கு எழுகிறது. அதனாலோ என்னவோ, இதே நாட்டில் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை எலும்பு தேடுவதில் கழித்த ஒருவரைப் பற்றித் தமிழில் நாங்கள் அதிகம் பேசியதில்லை.

அவர் போல் எட்வர்ட் பீரிஸ் தெரணியகல. 1900இல் பிறந்து 1976இல் இறந்தவர். 1939 முதல் 1963 வரை கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்தவர். ஒரு காலத்தில் இந்தத் தீவில் நீர்யானை வாழ்ந்தது, காண்டாமிருகம் வாழ்ந்தது, சிங்கம் வாழ்ந்தது என்று உலகத்துக்கு அறிவித்தவர். அந்த விலங்குகளுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். அந்தப் பெயர்களைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

நான் அவரைத் தேடிப் போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரையில் சுழியோடித் தொழில் செய்யும் நாலைந்து தம்பிமார் ஒரு நாள் என்னிடம் வந்தார்கள். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கூப்பர் என்றொரு ஆறு இருக்கிறது. அதன் அடியில் நீட்டிய கை தெரியாத அளவுக்கு இருட்டு. அதற்குள் குழுவாக இறங்கி, விளக்கு வெளிச்சத்தில் சரளைக்கல்லைத் தடவித் தடவி, பல இலட்சம் வருடங்களுக்கு முன் அழிந்துபோன மெகலொடோன் சுறாவின் பற்களை எடுக்கிறார்கள். உள்ளங்கையை நிறைக்கிற அளவுப் பற்கள். அந்தக் காணொளிகளைத் தம்பிமார் பார்த்திருந்தார்கள். களியோடை முகத்துவாரத்திலும் தண்ணி கலங்கல்தான், நாங்களும் ஒரு குழுவாக இறங்கிப் பார்த்தால் என்ன காக்கா என்பது அவர்களுடைய கேள்வி. எழுதிப் படிக்கிற ஆள் என்பதால் என்னிடம் கேட்டார்கள். இலங்கையில் கலங்கல் தண்ணீருக்குள் இருந்து உயிர்ச்சுவடுகளை எடுத்த கதை உண்டா என்று தேடத் தொடங்கினேன். அது இரத்தினபுரியின் சேற்றுக்கும் தெரணியகலவுக்கும் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தந்தையின் மண்வெட்டி

தெரணியகலவின் தந்தை சேர் போல் ஈ. பீரிஸ். போர்த்துக்கேயர் கால இலங்கை பற்றிய நூல்களால் அறியப்பட்ட வரலாற்றாசிரியர், சிவில் சேவை அதிகாரி. யாழ்ப்பாண வாசகர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 1910களின் இறுதியில் கந்தரோடையில் தோண்டிப் பார்த்து, அங்கு கிடைத்த பழைய நாணயங்களையும் கட்டட எச்சங்களையும் பற்றி எழுதியவர் அவர்தான். விஜயன் வருவதற்கு முன்பே இந்தத் தீவில் ஐந்து ஈச்சரங்கள் இருந்தன என்ற அவருடைய கருத்தைத் தமிழ் எழுத்தாளர்கள் இன்றுவரை எடுத்தாளுகிறார்கள். அதே கந்தரோடையைப் பௌத்த எச்சங்களுக்காகச் சிங்களத் தரப்பும் எடுத்தாளுகிறது. தோண்டி எடுத்தவர் ஒருவர். எடுத்ததை வைத்து இரண்டு பக்கமும் வழக்காடுகிறது.

அந்த வீட்டில் வளர்ந்த ஆண் பிள்ளைகள் வெவ்வேறு திசையில் போனார்கள். தம்பி ஜஸ்டின் ஓவியரானார். 1943இல் கொழும்பில் உருவான, நவீன ஓவியத்தை இங்கு நிலைநிறுத்திய 43 குழுவின் முக்கியமான ஓவியர்களில் ஒருவர். மூத்தவர் விலங்கியலுக்குப் போனார். கேம்பிரிட்ஜிலும் பின்னர் ஹார்வர்டிலும் படித்தார். தந்தை பெரும்பாலும் பீரிஸ் என்ற போர்த்துக்கேயப் பெயரால் அறியப்பட்டார். மகனை உலகம் தெரணியகல என்றே அறிந்தது. காலனித்துவம் முடிவை நெருங்கிய காலத்தில் இப்படிப் பெயரைத் திருப்பி எடுத்துக்கொண்ட குடும்பங்கள் பல.

நாடு திரும்பியவருக்கு முதலில் கிடைத்தது கடலும் மீனும் சார்ந்த வேலை. கரையோரத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்கு அவருடைய இந்தப் பகுதி நெருக்கமானது. கடலாமைகளை இலங்கையில் முறையாக ஆராய்ந்த முன்னோடிகளில் அவர் ஒருவர். கரையேறி முட்டையிடும் ஆமைகளை அளந்தார், குஞ்சுகளின் வளர்ச்சியைப் படம் வரைந்து பதிந்தார். ஆமை, முதலை பற்றிய அவருடைய பெரிய நூல் 1939இல் வந்தது.

நன்னீர் மீன்களையும் அவர் விடவில்லை. இன்று உலகம் முழுக்க வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் நீந்தும் செர்ரி பார்ப் என்ற சின்னச் சிவப்பு மீனைக் கல்முனையில் மீன் தொட்டி விற்கும் கடையிலும் பார்க்கலாம். தென்மேற்கு இலங்கையின் நிழல் படிந்த ஓடைகளுக்கு மட்டுமே சொந்தமான மீன் அது. 1929இல் அதை முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டவர் தெரணியகல. அந்த ஊர் மக்கள் அந்த மீனை அழைத்த தித்தெய்யா என்ற சிங்களப் பெயரையே அறிவியல் பெயருக்குள் கொண்டுவந்தார். உள்ளூர்ச் சொல்லை அறிவியலுக்குள் ஏற்றுகிற இந்தப் பழக்கம் அவரிடம் கடைசிவரை இருந்தது.

வாப்பிச்சி மரைக்காரின் கட்டடம்

1939இல் அவர் பொறுப்பேற்ற கொழும்பு நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரைக்கார் என்ற முஸ்லிம். கட்டி முடித்ததும் ஆளுநர் என்ன வெகுமதி வேண்டும் என்று கேட்டாராம், ஜும்ஆவை முன்னிட்டு வெள்ளிக்கிழமைகளில் கட்டடத்தை மூடினால் போதும் என்று மரைக்கார் சொன்னாராம். கதை அப்படித்தான் சொல்லப்படுகிறது. நூதனசாலை நீண்ட காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடித்தான் இருந்தது.

அந்தக் கட்டடத்துக்குள் இருந்துகொண்டு தெரணியகல செய்த வேலையின் அளவு வியப்பானது. நூதனசாலையின் ஆய்விதழான ஸ்போலியா செய்லானிக்காவில் மீன், பாம்பு, யானை, கல்லாயுதம் என்று கட்டுரை மேல் கட்டுரையாக எழுதினார். 1950களில் இலங்கையின் முள்ளந்தண்டு விலங்குகளை வண்ணப் படங்களோடு தொகுதிகளாக வெளியிட்டார். யானைகளின் முன்னோர் பற்றிய நூல் 1955இல் வந்தது. இரத்தினபுரிப் படிவுகளையும் குகைகளையும் பற்றிய தன் வேலையைத் தொகுத்துப் பிளைஸ்டோசீன் கால இலங்கை பற்றி 1958இல் எழுதினார். பிளைஸ்டோசீன் என்பது சுமார் 26 இலட்சம் வருடங்களுக்கு முன் தொடங்கி, கடைசிப் பனிக்காலத்தோடு சுமார் 11,700 வருடங்களுக்கு முன் முடிந்த காலம்.

கல்லுக்குப் பங்கு, எலும்புக்குப் பங்கில்லை

இரத்தினபுரிக்கு நான் போனபோது மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வயல் நடுவே மரக்குற்றிகளால் முட்டுக்கொடுத்த சதுரக் கிடங்கு. மண் சரியாமல் இருக்கப் பக்கச் சுவரில் இலைதழைகளைத் திணித்திருந்தார்கள். தண்ணீரை இயந்திரம் இறைத்துக்கொண்டே இருந்தது. நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் கிடங்கு குளமாகிவிடும். கீழே நின்றவர்களின் தலை மட்டும் தெரிந்தது. உடம்பு சேற்றின் நிறத்தில் இருந்தது.

அவர்கள் தேடுவது இல்லம என்று சிங்களத்தில் சொல்லப்படும் சரளைப் படையை. பழைய ஆறுகள் மலையிலிருந்து அரித்துக் கொண்டுவந்து படிய விட்ட கல்லும் களிமண்ணும் அது. சில இடங்களில் சில மீற்றர் ஆழத்திலேயே கிடைக்கும், சில இடங்களில் இருபது மீற்றருக்கும் கீழே போக வேண்டும். அதை வாளியில் மேலே ஏற்றி, மூங்கிற் கூடையில் போட்டுத் தண்ணீருக்குள் சுழற்றிக் கழுவுவார்கள். பாரமான மாணிக்கக் கற்கள் கூடையின் அடியில் தங்கும்.

ஆற்றுக்குள்ளேயே இறங்குகிற முறையும் உண்டு. ஆற்றின் குறுக்கே கம்புகளை நட்டு நீரோட்டத்தைத் திருப்பி, மார்பளவு கலங்கல் தண்ணீரில் வரிசையாக நின்று, நீண்ட பிடி போட்ட மண்வெட்டிகளால் அடியிலுள்ள சரளையை இழுப்பார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மண்வெட்டி கல்லில் உரசும்போது கைக்கு வரும் அதிர்வுதான் அடையாளம். கூப்பர் ஆற்றின் சுழியோடிகளுக்கு நெருங்கிய சொந்தக்காரர்கள் இவர்கள்தான்.

இந்த வேலை தனி ஆளால் முடியாதது. நிலத்துக்காரர், பணம் போடுபவர், இயந்திரத்துக்காரர், கிடங்கில் இறங்குபவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. கிடைக்கும் கல்லை வாங்க வருபவர்களில் பேருவளை முஸ்லிம் வியாபாரிகள் தலைமுறைகளாக முக்கியமானவர்கள். எல்லாருக்கும் பங்கு இருக்கிற இந்த ஏற்பாட்டில், கூடையில் சில வேளை வருகிற கறுத்துக் கனத்த பல்லுக்கும் எலும்புத் துண்டுக்கும் மட்டும் விலை கிடையாது. கழித்து எறிகிற சரளையோடு அதுவும் போகும்.

தெரணியகல கைநீட்டி நின்றது அந்த இடத்தில்தான். 1930களிலிருந்து இரத்தினபுரிக் கிடங்குகளில் இருந்து வந்த எலும்புகளையும் பற்களையும் அவர் சேர்த்தார், அளந்தார், வரைந்தார், வெளியிட்டார். மண்ணுக்குள் இறங்கியவர்களின் கையும் கண்ணும் இல்லாமல் அவருடைய அறிவியலில் ஒரு பக்கம்கூட எழுதப்பட்டிருக்காது. அவர்களில் ஒருவரின் பெயரும் எந்த விலங்கின் பெயரிலும் இல்லை. சப்ரகமுவ மலையில் தேயிலை கொழுந்து பறிக்கும் எங்கள் மலையகத் தமிழருக்கும் இந்த நிலைமை நன்கு தெரியும். வேலை செய்தவர் ஒருவர், முத்திரையில் பெயர் இருப்பது வேறொருவருக்கு.

இரண்டு பற்களுக்கு வைத்த பெயர்

அந்தச் சேற்றில் இருந்து ஒரு முழுக் காடே எழுந்து வந்தது. ஆறுகளில் நீர்யானைகள், புல்வெளியில் காண்டாமிருகங்கள், இன்று இல்லாத வகை யானைகள், பெரிய காட்டெருதுகள். நாங்கள் காட்டு மிருகம் என்றால் யானை, சிறுத்தை, கரடி என்று மூன்றைச் சொல்லி நிறுத்துகிறோம். அந்த இலங்கை இப்போதைய ஆபிரிக்காவையும் அசாமையும் சேர்த்தது போல இருந்திருக்கிறது.

அவற்றுள் பலவற்றுக்கு அவர் வைத்த பெயர் சிங்ஹலேயுஸ் என்று முடிந்தது. 1936இல் காண்டாமிருகத்துக்கு அந்தப் பெயர். நீர்யானைக்கும் அதே பெயர். 1939இல் சிங்கத்துக்கும் அதே பெயர். அந்தச் சிங்கம் பற்றி அவரிடம் இருந்தது குருவிற்றப் பகுதியில் கிடைத்த இரண்டு பற்கள் மட்டும்தான். ஒன்று இறைச்சி கிழிக்கும் கடைவாய்ப் பல். அதன் ஒடுங்கிய வடிவத்தை வைத்து, இது இலங்கைக்கே உரிய தனிச் சிங்கம் என்று அவர் முடிவுசெய்தார்.

இதை வாசிக்கும்போது எங்களில் பலருக்குள் ஏதோ ஒன்று உரசும். எனக்கும் உரசியது. தேசியக் கொடியில் வாளேந்திய சிங்கம். சிங்கத்தின் வழிவந்தவர்கள் என்று சொல்லும் ஒரு புராணம். இப்போது மண்ணுக்கு அடியில் கிடந்த சிங்கத்துக்கும் அந்த இனத்தின் பெயர். கந்தரோடை தொடக்கம் குருந்தூர் மலை வரை, மண்ணுக்கு அடியில் இருப்பதற்குப் பெயர் வைக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரே மண்ணுக்கு மேலேயும் உரிமை கோருவதை நாங்கள் பார்த்து வந்திருக்கிறோம்.

அவருக்கு நியாயமாகவும் இருக்க வேண்டும். ஒரு நாட்டில் கிடைத்த உயிரினத்துக்கு அந்த நாட்டின் பழம்பெயரைச் சூட்டுவது அந்தக் கால விலங்கியலில் வழமையான காரியம். அவர் இந்தப் பெயர்களை வைத்தது 1930களில், தனிச் சிங்களச் சட்டத்துக்கு ஏறத்தாழ இருபது வருடம் முன்பு. பெயரை விட முக்கியமானது அந்தப் பற்களின் காலம். அந்தச் சிங்கம் பல்லாயிரம் வருடங்களுக்கு முன்பே அழிந்துவிட்டது. சிங்களம் என்றோ தமிழ் என்றோ சொல்லத்தக்க ஒரு மொழி உலகத்தில் எங்கும் உருவாகாத காலம் அது. புராணத்துச் சிங்கத்துக்கு அந்தப் பற்கள் சாட்சி சொல்லவே முடியாது.

கதை இத்துடன் முடியவில்லை. 1962இல், தெரணியகல இன்னும் நூதனசாலைப் பணிப்பாளராக இருந்த காலத்தில், இரத்தினபுரிக்கு அருகே ஆற்றுப் படிவில் இன்னொரு பெரிய பூனையினத்தின் கடைவாய்ப் பல் கிடைத்தது. 1982இல் குருவிற்றப் பகுதிக் குகையொன்றின் தொன்மைக் குப்பையில் ஒரு விரலெலும்பு கிடைத்தது. 2005இல் கெலும் மனமேந்திர ஆரச்சியும் ரொஹான் பெத்தியாகொடவும் சக ஆய்வாளர்களும் அவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்து, அவை புலியினுடையவை என்று வெளியிட்டார்கள். ஏறத்தாழ 16,000 வருடங்களுக்கு முன்வரை இந்தத் தீவில் புலி இருந்திருக்கிறது.

சிங்கமும் புலியும். இந்த இரண்டு மிருகங்களின் பெயராலும் எத்தனை பேர் செத்தார்கள் என்பது இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டின் எலும்பும் சப்ரகமுவவின் ஒரே மண்ணில் கிடந்திருக்கின்றன. இரண்டும் எங்கள் எவரையும் கேட்காமல் வந்து, எங்கள் எவருக்கும் முன்பே போய்விட்டன.

கடல் இல்லாத காலம்

அவை எப்படி வந்தன? நடந்துதான் வந்தன. கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில், சுமார் 20,000 வருடங்களுக்கு முன், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதை விட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது. பாக்கு நீரிணை பல இடங்களில் பத்து மீற்றர் ஆழம்கூட இல்லை. எனவே அன்று மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் கடல் இருக்கவில்லை, வெறும் நிலம்தான். கடல் பலமுறை ஏறியது, பலமுறை இறங்கியது. கடைசியாக வெட்டிப் பிரித்தது சுமார் 7,000 வருடங்களுக்கு முன். தெரணியகலவின் விலங்குப் பட்டியலில் இந்தியாவின் ஆற்றுப் படிவுகளில் கிடைத்த விலங்குகளின் உறவினர்கள் நிறைந்திருப்பது இதனால்தான். அவர் சிங்ஹலேயுஸ் என்று எழுதிய ஒவ்வொரு விலங்கும், இந்தத் தீவு தனித்து இருந்ததில்லை என்பதற்கும் ஒரு சான்று.

மனிதரையும் அவர் தேடினார். பலாங்கொடை, குருவிற்ற, பெல்லன்பெந்திபெலஸ்ஸ என்று குகைகளிலும் வெளிகளிலும் தோண்டி, சிறு கல்லாயுதங்களோடு புதைக்கப்பட்டிருந்த மனித எலும்புகளை எடுத்தார். 1955இல் அவர்களுக்குப் பலாங்கொடை மனிதன் என்ற அறிவியல் பெயரைக் கொடுத்தார். இன்று பாடசாலைப் பாடநூல்களில் இருப்பது அந்தப் பெயர்தான். அந்த எலும்புகளுக்கும் வேடர்களுக்கும் உள்ள உறவைப் பின்வந்த மானிடவியலாளர்களும் எடுத்துக்காட்டினார்கள்.

இந்தக் கதையில் எங்கள் ஆற்றுக்கும் ஓர் இடம் உண்டு. களியோடை வழியாகக் கடலைத் தொடுகிற தண்ணீர் பட்டிப்பளை ஆற்றின் தண்ணீர். சிங்களத்தில் கல்லோயா. அதன் மேற்பகுதியில், நில்கலை என்ற இடத்தில், 1907இல் சுவிற்சர்லாந்தின் சரசின் குடும்பத்தைச் சேர்ந்த போலும் பிரிட்சும் ஒரு குகையைத் தோண்டினார்கள். இலங்கையின் கற்கால மனிதர் பற்றிய முறையான ஆய்வின் தொடக்கங்களில் அது ஒன்று. தெரணியகல பின்னால் நடந்த பாதையை எங்கள் ஆற்றங்கரைதான் திறந்துவிட்டது.

அதே ஆற்றை 1949இல் இங்கினியாகலையில் மறிக்கத் தொடங்கினார்கள். குடியேற்றங்கள் வந்தன. 1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்டம் நாடாளுமன்றத்தில் இருந்த அதே நாட்களில், கல்லோயாவில் தமிழர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்கள் நூற்றுக்கும் அதிகம் என்று மதிப்பிடப்படுகிறது. பலாங்கொடை மனிதனுக்குப் பெயர் கிடைத்து அப்போது ஒரு வருடம். இந்தத் தீவின் மிகப் பழைய மனிதர் யார் என்று ஒருவர் எலும்பில் தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில், இந்தத் தீவு யாருக்குச் சொந்தம் என்று வேறு சிலர் கத்தியால் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆழத்தை யார் எழுதி வைத்தது?

தெரணியகலவின் பெயர்களில் பல காலத்தைத் தாண்டவில்லை. மகாவலியின் வில்லுகளில் வாழும் பெரிய யானைகளை அவர் தனி உபஇனம் என்றார். சதுப்பு நிலத்தைக் குறிக்கும் வில் என்ற சொல்லையும் யானையைக் குறிக்கும் அலியா என்ற சொல்லையும் சேர்த்து விலலியா என்று பெயரிட்டார். இன்றைய விஞ்ஞானிகள் அதைத் தனியாகப் பிரிப்பதில்லை. பலாங்கொடை மனிதனையும் தனி உபஇனமாக யாரும் இப்போது கொள்வதில்லை. அவர்களும் எங்களைப் போன்ற முழு மனிதர்கள்தான். இரண்டு பற்களை வைத்துச் சிங்கத்தைத் தனி இனமாக்க முடியுமா என்ற கேள்வியும் திறந்தே இருக்கிறது.

இதை விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆறு ஒரு முறை படிய விட்டதை மறுமுறை அரித்து வேறிடத்தில் படிய விடும். ஒரே சரளைப் படையில் வெவ்வேறு காலத்து எலும்புகள் கலந்திருக்கும். அதற்கு மேல், அந்த எலும்பு எந்தக் கிடங்கில், எத்தனை அடி ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற விபரம் மாணிக்கம் தேடுபவருக்குத் தேவையில்லை. எலும்பு வெளியே வந்ததும் அந்த விபரம் சேற்றோடு போய்விடும். பிறகு எத்தனை ஆய்வுகூடம் வந்தாலும் அதை மீட்க முடியாது.

இந்தக் குறையை நிவர்த்தி செய்தவர்களில் முதன்மையானவர் அவருடைய மகன்தான். சிரான் தெரணியகல, 1992 முதல் 2001 வரை தொல்பொருள் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகமாக இருந்தவர், 2021இல் காலமானார். தந்தை தோண்டிய பட்டதொம்பலென போன்ற குகைகளுக்குத் திரும்பிப் போய், படை படையாகப் பிரித்துத் தோண்டி, கரியைக் காபன் காலக்கணிப்புக்கு அனுப்பினார். பாகியங்கலைக் குகையில் ஏறத்தாழ 38,000 வருடங்களுக்கு முன்பே மனிதர் வாழ்ந்தது அப்படித்தான் தெரியவந்தது. பின்வந்த ஆய்வுகள் அதை இன்னும் பின்னுக்குத் தள்ளின. தந்தை பெயர் வைத்தார், மகன் காலத்தைக் கண்டுபிடித்தார் என்று சுருக்கிச் சொல்லலாம்.

ஆழத்தை எழுதி வைப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பது எங்களுக்கு வேறு விதமாகத் தெரியும். 2018இல் மன்னார் சதொச வளவில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அமெரிக்காவின் புளோரிடாவில் இருந்து வந்த காபன் அறிக்கை அவை 15ஆம் முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்றது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் அதை ஏற்கத் தயாராக இருக்கவில்லை. மாதிரிகள் எங்கிருந்து எடுக்கப்பட்டன, கூடவே கிடைத்த உலோகத் துண்டுகளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். 2025இல் செம்மணி சித்துப்பாத்தியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டபோது, பக்கத்தில் கிடந்த ஒரு பாடசாலைப் பையும் விளையாட்டுப் பொம்மையும் எந்த ஆய்வுகூடமும் சொல்லாததைச் சொல்லின. அந்த அகழ்வை வழிநடத்தியவர் பேராசிரியர் ராஜ் சோமதேவ, ஒரு தொல்பொருளியலாளர். தெரணியகல குடும்பம் வளர்த்த அதே துறை இப்போது எங்கள் பிள்ளைகளைத் தேட வந்து நிற்கிறது.

குருக்கள்மடத்தில் 1990 ஜூலையில் விடுதலைப் புலிகளால் கடத்திக் கொல்லப்பட்ட முஸ்லிம்களின் குடும்பங்கள், தங்கள் உறவுகள் புதைக்கப்பட்ட இடத்தைத் தோண்டித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கபன் சுற்றி, தொழுகை நடத்தி அடக்குவது அவர்களின் வேண்டுதல். அங்கும் அவசரப்பட்டு இயந்திரத்தை இறக்கினால், எதற்குப் பக்கத்தில் எது கிடந்தது என்ற சாட்சி அழிந்துவிடும். ஒருமுறைதான் தோண்ட முடியும்.

தம்பிமாருக்கு நான் சொன்னதும் இதைத்தான். கூப்பர் ஆற்றில் இறங்குபவர்கள் மாநிலத்திடம் பொழுதுபோக்குச் சுழியோடி உரிமம் எடுக்கிறார்கள், எடுத்ததை அறிக்கையாகக் கொடுக்கிறார்கள். இங்கே 1940இன் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டினால் பொலிஸ் வரும், எங்கள் பக்கத்தில் கொஞ்சம் வேகமாகவே வரும். அதனால் குழு அமைப்பதென்றால் முதலில் வேண்டியது ஒட்சிசன் போத்தல் அல்ல, ஒரு கொப்பியும் பல்கலைக்கழகத்தில் இருந்து பொறுப்பெடுக்கிற ஓர் ஆளும். வலையிலோ மண் அள்ளும் இடத்திலோ விசித்திரமாக ஏதாவது கிடைத்தால், இடத்தையும் ஆழத்தையும் திகதியையும் எழுதி, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்து வையுங்கள் என்றேன். சுனாமி 10,000க்கும் அதிகமானோரை எடுத்துக்கொண்ட மாவட்டம் இது. ஆற்றுவாயில் கிடைக்கிற எலும்பு எல்லாம் பழங்காலத்து எலும்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இறங்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. அதைக் கேட்டபின் அவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எஞ்சியது

தெரணியகல 1963இல் நூதனசாலையை விட்டார். அந்தக் காலத்தில் வித்தியோதய பல்கலைக்கழகத்தில் கலைப்பீடாதிபதியாகவும் இருந்தார். அதன் பின்னும் எழுதுவதை நிறுத்தவில்லை. மயோசீன் காலக் கடல் உயிரினங்கள் பற்றிய ஆய்வுகளில் இறங்கினார். புத்தளம் அறுவக்காட்டிலும் யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக் கல்லிலும் உறைந்திருக்கும், கோடி வருடங்களுக்கும் பழைய கடல் அது. யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டுகிற எவரும் அந்தக் கடலின் அடித்தளத்தைத்தான் உடைக்கிறார். அறுவக்காட்டைக் கொழும்பின் குப்பையைக் கொட்டும் இடமாகத் தெரிவு செய்தார்கள்.

1976 டிசம்பரில் அவர் இறந்தார். அடுத்த ஏழு வருடங்களில் நாடு 1983க்கு வந்து சேர்ந்தது. அவர் பெயரில் இப்போது ஒரு பாம்பும் ஓர் அரணையும் இருக்கின்றன. அவர் நேசித்த யானைகளின் வழித்தோன்றல்கள் எங்கள் அம்பாறையின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்ரிக்கைத் தின்று செத்துக்கொண்டிருக்கின்றன. சுமார் எட்டு வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கு செத்ததாக 2022இல் செய்திகள் வந்தன. நீர்யானையும் காண்டாமிருகமும் போன வழியில் அவையும் போனால், எலும்பைத் தேடச் சேற்றுக்குள் இறங்க வேண்டியதில்லை.

இரத்தினபுரியில் எஹலபொல வளவில் தேசிய நூதனசாலையின் கிளை ஒன்று இருக்கிறது. கிடங்குகளில் இருந்து வந்த பழைய விலங்குகளின் எலும்புகளை அங்கே பார்க்கலாம். அங்கே நின்றபோது நான் பெயர்ப்பலகைகளைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, எலும்புகளை மட்டும் முதலில் பார்த்தேன். கறுத்த, பாரமான, ஆறு உருட்டி மழுங்கிய எலும்புகள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களும் அந்த வரிசையிலேயே காட்டலாம்: முதலில் எலும்பு, பிறகு அது கிடந்த மண், கடைசியில் அதற்கு ஒருவர் வைத்த பெயர்.